இடது மூலையில் நிற்பவள்

என் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. என் பையை அங்கே வைப்பேன், அவ்வளவுதான். பேருந்தில் போனால் சன்னலோர இருக்கையில் பை, அதை ஒட்டி நான். ஆட்டத்தின்போது பெஞ்சின் இடது கோடியில் பை, அடுத்து நான், எனக்கு வலப்பக்கம் பெண்கள். தைலம், டேப், ஐஸ் கட்டி போடும் பை, காற்றடிக்கும் பம்ப், மாற்றுச் சட்டை, இரண்டு பந்து எல்லாம் அதற்குள் கிடக்கும். தரையில் வைத்தால் என்ன என்று யாராவது கேட்டால், தரை ஈரமாக இருக்கிறது என்பேன். கூரை போட்ட அரங்கில் ஏது ஈரம்? கேட்ட வாய்க்கு ஏதாவது பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

நான் கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குக் கோச். வீடு பிரிக்பீல்ட்ஸ். ஐம்பதைத் தாண்டிவிட்டேன், வலது முட்டியில் அறுவை செய்த தழும்பு, கோபமோ மூக்குக்கு மேல் வரும். என்னிடம் திட்டு வாங்காத பெண் அந்தக் குழுவில் கிடையாது. திட்டிவிட்டுப் பசியாற அழைத்துப் போவேன் என்பதால் மன்னித்துவிடுவார்கள்.

பிறந்து வளர்ந்தது கிள்ளான். அப்பாவுக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. எங்கள் குவார்ட்டர்ஸைத் தாண்டினால் ஒரு சீனச் சங்கத்தின் கூடைப்பந்துத் திடல், சிமெண்டுத் தரை, கம்பி வேலி. இந்தியப் பையன்கள் காற்பந்துக்குப் போவார்கள், பெண்பிள்ளைகள் பள்ளியில் நெட்பால் ஆடுவார்கள். நான் மட்டும் அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உள்ளே என் வயதில் ஒரு சீனப் பெண் இடது கையால் பந்தை எறிந்துகொண்டே இருப்பாள். எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரர் மகள் அவள். கடைக்கு வருகிறவர்கள் பாதிப்பேர் நம் ஆட்கள், அப்பாவும் மகளும் தமிழிலேயே சண்டை போடுகிற அளவுக்குப் பேசுவார்கள். அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இன்னும் நினைவிருக்கிறது.

"என்னாடி பாத்துக்கிட்டே நிக்கிற, உள்ள வா."

போனேன். அதற்குப் பிறகு என் வாழ்க்கை அந்தத் திடலைவிட்டு வெளியே வரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

குழுவில் நான் ஒருத்திதான் தமிழச்சி, மற்ற எல்லோரும் சீனப் பெண்கள். கோச் ஒரு வயதானவர், மாண்டரினில்தான் கத்துவார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்தால் புரியும், பேச்சு புரியாது. ஆனால் எதிரணிகளும் சீனப் பெண்கள்தானே, கோச் கத்துவது என்னைவிட அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. அப்போதுதான் சைக்கிள் கடைக்காரர் மகளுக்கு அந்த யோசனை வந்தது. ஆட்டத்தில் தமிழில் கத்துவோம் என்றாள். ஒரு வாரம் உட்காரவைத்து மற்ற பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். பின்னாடி, மேல, விடாதே, போடுடி. கிள்ளான் பெண்கள் கோர்ட்டில் இறங்கி, ஹொக்கியன் சீனம் பேசிப் பழகிய வாயால் "விடாதே, விடாதே" என்று கத்தினால் எதிரணிப் பெண்கள் திருதிருவென்று முழிப்பார்கள். ஈப்போ அணியில் ஒரு தடவை தமிழ்ப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள். நாங்கள் கத்தக் கத்த அவள் சிரிக்கிறாள், எல்லாவற்றையும் தன் ஆட்களுக்குச் சொல்லிவிடுகிறாள். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு ஆடினோம், வசமாகத் தோற்றோம்.

சைக்கிள் கடைக்காரர் மகள் குள்ளம். வளையத்துக்கு அடியில் போனால் நசுக்கிவிடுவார்கள். அதனால் இடது மூலைக்கு ஓடிவிடுவாள், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, குதிகால் எல்லைக் கோட்டைத் தொடுகிற இடத்துக்கு. அங்கே யாரும் அவளைத் தேட மாட்டார்கள். நான் நடுவில் பந்தைத் தட்டிக்கொண்டு வருவேன். இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் எதிரணி கண்டுபிடித்துவிடும் என்பதால் பார்க்கவே மாட்டேன். "போடுடி" என்று குரல் வரும். பார்க்காமல் எறிவேன், பந்து அவள் கைக்குப் போயிருக்கும். சில நாள் குரல் வருவதற்கு முன்பே எறிந்துவிடுவேன், அப்போதும் அவள் அங்கே இருப்பாள்.

வருஷத்தில் ஒரு மாதம் அந்தத் திடலில் ஆட முடியாது. சீனர்களின் ஏழாம் மாதம் வந்தால் கோர்ட்டில் மேடை போட்டுப் பாட்டுக்கூத்து நடத்துவார்கள். செத்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகிற மாதம் அது. முதல் வரிசை நாற்காலிகள் அவர்களுக்கு. ஆள் யாரும் உட்காரக் கூடாது. தெரியாமல் ஒரு தடவை நான் போய் உட்கார்ந்துவிட்டேன். அவள் வந்து என் காதைப் பிடித்து இழுத்துப் பின்வரிசைக்குக் கொண்டுபோனாள்.

"அங்க ஆள் இருக்காங்கடி," என்றாள். "அவங்க மடியில போய் உக்காந்துட்ட நீ."

நாங்கள் இருவரும் சேர்ந்தேதான் மாநில அணிக்குத் தேர்வானோம். பேருந்தில் எந்த ஊருக்குப் போனாலும் சன்னல் அவளுக்கு. ஏறியதும் தூங்கிவிடுவாள், என் தோளில் எச்சில் வழியும். ஜெர்சி நனைந்துவிட்டது என்று நான் திட்டினால், வியர்வையோடு வியர்வையாகப் போகட்டும் என்பாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

மாநில அணி என்றால் சோறு போடுமா? பள்ளி முடிந்ததும் நான் துறைமுகத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்தேன். அவள் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போனாள். சாயங்காலம் மோட்டர் சைக்கிளில் நேராகத் திடலுக்கு வருவாள், தொழிற்சாலையின் நீலச் சட்டையைக்கூட மாற்றாமல். பெரும்பாலும் தாமதம்தான். அவள் இல்லாமலே பயிற்சியைத் தொடங்குவோம். நான் பழக்கத்தில் இடது மூலைக்கு எறிந்துவிட்டு, "வந்துடுவா" என்பேன். பாதிநாள் பந்து உருண்டு நிற்பதற்குள் மோட்டர் சத்தம் கேட்கும்.

அன்றைக்கு மழை பெய்து விட்டிருந்தது. நான் எறிந்த பந்து காலி மூலையில் ஒரு குதி குதித்து, திறந்திருந்த கேட்டைத் தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. கோச் கத்தினார். நான் சிரித்துக்கொண்டே, "வந்துடுவா, வந்து எடுத்துட்டு வருவா," என்றேன். கொஞ்ச நேரத்தில் சைக்கிள் கடையில் வேலை செய்கிற அங்கிள் கேட்டருகே வந்து நின்றார். பந்தைச் சாக்கடையிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார், சட்டையெல்லாம் சேற்றுத் தண்ணீர். அதை எங்களிடம் கொடுக்கக்கூட மறந்து, நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வரும் பாதையில் ஒரு கண்டெய்னர் லோரி அவள் மோட்டரை இடித்துவிட்டது. நான் பந்தை எறிந்தபோது அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

சாவு வீட்டில் அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில்தான் அழுதார். "நேத்துகூட நல்லாதாம்மா போட்டுக்கிட்டு இருந்தா," என்றார். எனக்கு அழுகை வரவில்லை. வந்துடுவா என்று சொன்ன வாய் அப்படியே காய்ந்து போயிருந்தது.

அதற்குப் பிறகும் சில வருஷம் ஆடினேன். பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டியதும் இடது காதில் அந்தக் குரல் வரும். வராது என்று தெரியும், ஆனால் வரும். கை என் பேச்சைக் கேட்காது. பந்து யாருமில்லாத மூலைக்குப் போய்ப் பார்வையாளர்கள் மடியில் விழும். கவனமில்லாத பாஸ் என்று பத்திரிகையில் எழுதினார்கள். கோச் என்னை வலது பக்கத்துக்கு மாற்றிப் பார்த்தார். பிறகு முட்டியில் தசைநார் கிழிந்தது, கடவுள் புண்ணியத்தில் எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆட்டத்தை விட்டால் குரலும் விட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

எங்கே விட்டது? கிராணி வேலை பார்த்துக்கொண்டே பள்ளிக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தேன், கோச் படிப்புகளை ஒவ்வொன்றாக முடித்தேன், கடைசியில் இந்தக் கல்லூரி கூப்பிட்டது. ஆடும்போது காது மட்டும்தான் கேட்டது. வெளியே நின்றபோது கண்ணும் பார்க்கத் தொடங்கியது. நீலச் சட்டை, ரப்பர் போட்டு இறுக்கிக் கட்டிய முடி, கோட்டைத் தொடுகிற குதிகால். எதிர்க்கோடி வளையத்தை நோக்கி ஆடும் பாதியில் தூரத்தில் நிற்பாள், மறு பாதியில் எங்கள் பெஞ்சுக்குப் பக்கத்திலேயே நிற்பாள். பயமாக இல்லை. அம்மாவிடம் சொல்லியிருந்தால் பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டிருப்பாள், அதனால் சொல்லவில்லை. எனக்கு நரைத்தது, கண்ணாடி போட்டேன், படியேறினால் மூச்சு வாங்கியது. அவள் அப்படியே இருந்தாள். பொறாமையாகக்கூட இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது உள்ள குழு நல்ல குழு. பந்தை நடத்துகிற கேப்டன் காஜாங்கிலிருந்து வருகிற சீனப் பெண், மூளைக்காரி. வளையத்தடியில் நிற்பவள் சரவாக்கிலிருந்து வந்த உயரமான பெண், அதிகம் பேச மாட்டாள். இடது மூலைக்கு நான் தேர்ந்தெடுத்தது கம்போங் மேடான் அடுக்குமாடியிலிருந்து வருகிற தமிழ்ப் பெண். அப்பா லோரி ஓட்டுநர், வீட்டில் இவள்தான் முதலில் கல்லூரிக்கு வந்தவள், அதுவும் கூடைப்பந்துக்காகக் கொடுக்கும் உபகாரச் சம்பளத்தில். தூரத்திலிருந்து எறிவதில் அவளுக்குக் கடவுள் கொடுத்த கை. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். ஆட்டத்தில் மட்டும் சொதப்பினாள்.

சொதப்பியது அவள் மட்டுமல்ல. இந்த வருஷக் கல்லூரி லீக்கில் வரிசையாகத் தோற்றோம். தத்தித் தடுமாறிக் காலிறுதிக்கு வந்து நின்றபோது, விளையாட்டுப் பிரிவு அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மலாய்க்காரர், நல்ல மனிதர், கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு தரம் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். அரையிறுதிக்குப் போகாவிட்டால் அடுத்த வருஷம் பெண்கள் குழு இருக்காது, குழு இல்லாவிட்டால் அந்த உபகாரச் சம்பளமும் இருக்காது. மேலே முடிவெடுத்துவிட்டார்கள் என்றார்.

மறைத்துவைத்துப் பழக்கமில்லை, பெண்களிடம் சொல்லிவிட்டேன். மற்றவர்கள் அழுதார்கள். கம்போங் மேடான் பெண் அழவில்லை. காலணியைக் கழற்றிக்கொண்டே எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"பரவால்ல கோச். எங்க அக்கா தெலுக் பங்லிமா காராங்ல வேலை செய்றாங்க, அங்க ஆள் எடுக்கிறாங்களாம். ரெண்டு பேரும் ஒரே மோட்டர்ல போய்க்கலாம்."

வெளியே போய் முகம் கழுவினேன், திரும்பவும் கழுவினேன். எந்த ஊர் பெயரை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம் இந்தப் பெண். அந்தப் பாதையில் இன்னொருத்தியை மோட்டரில் அனுப்பிவிட்டு நான் எப்படிச் சோறு தின்பேன்?

அதிகாரி எங்கள் ஆட்டங்களை மாடியிலிருந்து படம்பிடித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். சத்தம் பதிவாகவில்லை, படம் மட்டும்தான். கேப்டன் பந்தைத் தட்டிக்கொண்டு வருகிறாள், பார்க்காமல் இடது மூலைக்கு எறிகிறாள், மூலை காலி, பந்து வெளியே. அடுத்த ஆட்டம். இன்னொருத்தி எறிகிறாள், காலி. சரவாக் பெண்கூட வளையத்தடியிலிருந்து அங்கேதான் எறிகிறாள். ஐந்து பேரும் மாற்றி மாற்றி யாருமே இல்லாத இடத்துக்குப் பந்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நான் முன்பு செய்ததை என் கண் முன்னால் ஒரு குழுவே செய்தது. படத்தை நிறுத்திவிட்டேன். ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு மறுபடியும் பார்த்தேன்.

இப்போது கம்போங் மேடான் பெண்ணை மட்டும் பார்த்தேன். அவள் மூலையை நோக்கி ஓடுகிறாள். கொஞ்சம் முன்னால் நின்றுவிடுகிறாள். பிறகு ஒதுங்கி மேலே போய்விடுகிறாள். தரையில் படுத்திருக்கும் ஆளைத் தாண்டக் கூடாது என்று சுற்றிப் போவோமே, அந்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் அப்படித்தான் செய்தாள்.

அடுத்த பயிற்சியில் அவளை நடுவில் நிறுத்திக் கேட்டேன்.

"ஏன் மூலைக்குப் போக மாட்டேங்கிற?"

அவள் கேப்டனைப் பார்த்தாள். கேப்டன் தரையைப் பார்த்தாள். சரவாக் பெண் ஏற்கெனவே கட்டியிருந்த காலணிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்கிறேன்ல?"

"அங்க ஆள் இருக்காங்க கோச்."

நான் கேட்பதற்கு முன்பே அவள் தொடர்ந்தாள்.

"நீங்கதானே சொல்வீங்க, பாக்காம போடு, அவ வந்துடுவான்னு. யாரு வருவாங்கன்னு இவங்க எல்லாம் என்னைக் கேட்டாங்க, எனக்கும் தெரியல. அப்புறம் பாத்தா பஸ்ல பைக்கு சீட்டு வுடறீங்க, சன்னலோரமா. பெஞ்சில வுடறீங்க. மேட்ச்ல அந்த மூலையைப் பாத்து சிரிக்கிறீங்க லா கோச், நாங்க எத்தனையோ தரம் பாத்துட்டோம். அதான்."

கேப்டன் மலாயில், மிக மரியாதையாகச் சொன்னாள். "ஏழாம் மாதத்தில் நாங்கள் முதல் வரிசையில் உட்கார மாட்டோம் கோச். இதையும் அப்படித்தான் நினைத்தோம். உங்கள் ஆள் நிற்கிற இடம். நாங்கள் எப்படி நிற்பது?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. இவர்களுக்கு நான் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பயிற்சி கொடுப்பேன், ஆனால் அந்த "பாக்காம போடு, வந்துடுவா" மட்டும் தமிழில் வந்துவிடும். கம்போங் மேடான் பெண் அதை மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். பெண்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். பந்தை அங்கே போட வேண்டும், கோச் சொன்னது அது. அங்கே யாரும் நிற்கக் கூடாது, அது மரியாதை. செத்துப்போன ஒருத்திக்கு இந்தப் பிள்ளைகள் இடம் விட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் தோற்றுக்கொண்டும் இருந்தார்கள். நானோ கண்ணில்லையா, கையில்லையா என்று அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு கோபம் போய் அழுகை வரப் பார்த்தது. பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோரையும் கீழே உட்காரச் சொல்லிவிட்டு, அவளைப் பற்றிச் சொன்னேன். சைக்கிள் கடை, இடது கை, ஈப்போவில் தோற்றது, எச்சில் வழியத் தூங்குவது, போடுடி. நீலச் சட்டையைச் சொன்னேன். சாக்கடையில் விழுந்த பந்தையும் சொன்னேன். யாரிடமும் இதுவரை சொல்லாததை அரைக்கால் சட்டை போட்ட பெண் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சீனப் பெண்கள் தமிழில் கத்தியதைச் சொன்னபோது கேப்டன் அழுதுகொண்டே சிரித்தாள்.

கம்போங் மேடான் பெண் கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அவங்களுக்குத் தமிழ் நல்லாப் புரியும்?"

"உன்னைவிட நல்லாப் பேசுவா."

அவள் எழுந்து போனாள். மூலைக்குக் கொஞ்சம் முன்னால், எப்போதும் நிற்கிற அந்த இடத்தில் நின்றாள். காலணி இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு காலுறையோடு, வீட்டுக்கு வந்த பெரியவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க. நானும் நிக்கணும்."

சொல்லிவிட்டுச் சற்று நேரம் காத்திருந்தாள். சரவாக் பெண் மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை. கம்போங் மேடான் பெண் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"தள்ளிட்டாங்களா கோச்?"

நான் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், நீலச் சட்டைக்காரி ஓர் அடி ஒதுங்கினாள்.

"தள்ளிட்டா," என்றேன். "போய் நில்லு."

காலிறுதி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மதியம், ஷா ஆலாமில் வேறொரு கல்லூரியின் அரங்கில் நடந்தது. எதிரணி எங்களைவிட உயரம், எங்களைவிடப் பணக்கார ஜெர்சி. முதல் பாதி முழுக்க அடிவாங்கினோம். கம்போங் மேடான் பெண் மூலையில் நின்றாள், நின்றாளே தவிர பந்து கைக்கு வந்ததும் பதறினாள். இடைவேளையில் தண்ணீர் மட்டும் எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறந்தால் திட்டாகத்தான் வரும் என்று எனக்கே தெரியும். இரண்டாம் பாதியில் அந்த மூலை எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்தது. நான் பையை ஒட்டி உட்கார்ந்திருந்தேன், கைநீட்டினால் தொடலாம் போல அந்தப் பெண்ணின் முதுகு. கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப்பிடித்தோம். கடைசியில் இரண்டு புள்ளி பின்னால், பந்து எங்களிடம், நேரம் போய்க்கொண்டிருக்கிறது.

கேப்டன் நடுக்கோட்டைத் தாண்டினாள். எதிரணிப் பெண்கள் அவளைச் சூழ்ந்தார்கள். வந்துடுவா என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது, பழைய பழக்கம். அதற்குள் மூலையிலிருந்து குரல் கேட்டது.

"போடுடி."

நான் சொன்ன கதையிலிருந்து கேப்டன் பிடித்துக்கொண்ட தமிழ் அது ஒன்றுதான். அவள் பார்க்கவில்லை. எறிந்தாள். பந்து எல்லோரையும் தாண்டி மூலைக்கு வந்தது, மூலையில் கை இருந்தது. கம்போங் மேடான் பெண் எறிந்தாள். பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே தெறித்தது. சரவாக் பெண் எகிறி, பிடிக்க முடியாமல், விரல் நுனியால் அதைத் தட்டிவிட்டாள், எங்கே என்று அவளும் பார்க்கவில்லை. பந்து திரும்பவும் மூலைக்கே வந்தது. இந்தத் தடவை அவள் பதறவில்லை. வளையத்தைத் தொடாமல் உள்ளே போயிற்று. மணி அடித்தது.

பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்தார்கள். மேலே மாடியில் அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது. குழு பிழைத்தது, அவள் படிப்பு பிழைத்தது, அந்தப் பாதைக்கு அவள் போக வேண்டியதில்லை. நான் மூலையைப் பார்த்தேன், பாத்தியாடி என்று நீலச் சட்டைக்காரியிடம் சொல்ல. அங்கே யாரும் இல்லை. சரி, தள்ளி நிற்பாள் என்று சுற்றிலும் தேடினேன். எதிர் மூலை, கதவுப் பக்கம், மேல் வரிசை எல்லாம் பார்த்தேன். இடது காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். பெண்கள் கூச்சல் போடுவது மட்டும்தான் கேட்டது. இத்தனை வருஷமாக அழாதவள் அந்த அரங்கத்தில் நின்று அழுதேன். ஜெயித்த சந்தோஷம் என்று நினைத்துப் பெண்கள் என்னையும் கட்டிக்கொண்டார்கள். சந்தோஷம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அவள் அன்றைக்குத்தான் செத்தாள்.

பேருந்தில் வழக்கம்போலப் பையைச் சன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வண்டி கிளம்புகிற நேரத்தில் கம்போங் மேடான் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். பின்னால் எத்தனையோ இடம் காலியாகக் கிடந்தது. அவள் என்னிடம் கேட்கவில்லை. பையைப் பார்த்து, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, "அக்கா, உக்காரலாமா?" என்றாள்.

நான் எழுந்து பையைத் தூக்கினேன். அவள் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள், கொஞ்ச நேரத்தில் தூங்கியும்விட்டாள், தலை என் தோளில் சாய்ந்தது. பையை வைக்க வேறு இடம் தேடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். தொடையெல்லாம் அழுந்தி, கெட்டுப்போன முட்டி வலிக்கத் தொடங்கியது. இவ்வளவு கனத்தையா இத்தனை வருஷமாக அவள் மடியில் வைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.